நாற்பது மேட்டும் ஒரு மாதவராஜும்

நான்காவது இட்லியைப் பிட்டபோது ஃபிராங்க்ளின் ஒரு சபதம் எடுத்தார். மாதவராஜ் என்ற பெயரை இந்த வீட்டை விட்டுத் துரத்தாமல் ஓய்வதில்லை. சபதம் எடுத்த கையோடு ஐந்தாவது இட்லிக்குத் தட்டை நீட்டினார். பொறாமை பொல்லாததுதான். ஆனால் அவருடைய பொறாமை பசியைக் கெடுக்கிற ரகம் அல்ல.

முதல் இட்லி முடிவதற்குள் அந்தப் பெயர் ஏழு முறை வந்துவிட்டது. அவர் எண்ணிக்கொண்டுதான் இருந்தார்.

"ஆறு எம்எம்மே போதும்னு மாதவராஜ் சார் சொல்றாருங்க."

"எதுக்கு?"

"யோகா மேட்டுக்கு. நாலு எம்எம்னா முட்டி வலிக்குமாம்."

"உன் முட்டியப் பத்தி அந்தாளு ஏன் பேசறான்?"

"என் முட்டி இல்லீங்க. பொதுவா முட்டி."

"பொதுவா முட்டின்னு ஒண்ணு இருக்குதா? முட்டின்னா யாரோ ஒருத்தரோடதுதான?"

"சட்னி போடட்டுங்களா?"

ஆக்சிலியாவிடம் இதுதான் கஷ்டம். சண்டை சூடு பிடிக்கிற நேரத்தில் சட்னியோ சாம்பாரோ குறுக்கே வந்துவிடும். பதினெட்டு வருஷத்தில் ஃபிராங்க்ளின் ஒரு சண்டையைக்கூட முழுசாகப் போட்டு முடித்ததில்லை.

கடத்தூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே 'ஃபிராங்க்ளின் டிஜிட்டல்ஸ்' என்று பெரிய போர்டு வைத்திருக்கிற கடை அவருடையது. ஃபிளெக்ஸ் பேனர் அடிக்கிற கடை. அந்தச் சுற்று வட்டாரத்தில் யாருக்குக் காது குத்தினாலும், யார் பெண் வயசுக்கு வந்தாலும், யார் போய்ச் சேர்ந்தாலும் அவர் கடையைத் தொடாமல் முடியாது. கண்ணீர் அஞ்சலி பேனர் என்றால் இருபது நிமிஷத்தில் கையில் கொடுத்துவிடுவார். இறந்தவருக்குக்கூட அவ்வளவு அவசரம் இருந்திருக்காது.

ஊருக்கெல்லாம் இருபது நிமிஷம். மனைவிக்கு எட்டு மாதம்.

ஆக்சிலியா சேலத்துக்குப் போய் யோகா படித்து சர்டிபிகேட் வாங்கி வந்தவர். கடைக்கு மேலே இருக்கிற ஹாலில் காலை ஆறு மணிக்கு முப்பத்தெட்டுப் பெண்களுக்கு வகுப்பு எடுக்கிறார். ஹாலில் பாதி அவருக்கு. மீதிப் பாதியில் உடைந்த பேனர் சட்டங்கள் குவிந்து கிடந்தன. மேட் கிடையாது. கீழே கடையிலிருந்து வந்த பழைய ஃபிளெக்ஸ்தான் விரிப்பு. யாரோ ஒரு வார்டு வேட்பாளரின் பல்வரிசை மேல் ஒருத்தி குனிந்து நிமிர்வாள். பக்கத்தில் இன்னொருத்தி 'கண்ணீர் அஞ்சலி' மேல் மல்லாந்து படுத்துச் சவாசனம் செய்வாள். அதுவும் நிலைக்கவில்லை. வாரத்துக்கு நாலு ஃபிளெக்ஸ் காணாமல் போகும். ஒன்று யார் வீட்டு மொட்டை மாடியிலோ கடலைக்காய் காய வைத்துக்கொண்டிருக்கும், இன்னொன்று மாட்டுக் கொட்டாய் மேல் ஏறியிருக்கும்.

"ஏங்க, ஒரு லோகோ போட்டுக் குடுங்க. பேரு அடிச்ச மேட்டா நாப்பது ஆர்டர் பண்ணிக்கறேன்," என்று ஆக்சிலியா கேட்ட நாளை நினைவு வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. தினமும் கேட்டார்.

"நாளைக்குப் பாக்கலாம்," என்று ஃபிராங்க்ளினும் தினமும் சொன்னார். கோயில் திருவிழா முடியட்டும் என்றார். மேல் ஹாலில் கிடக்கிற சட்டங்களைக் காலி செய்யச் சொன்னதற்கும் நாளைக்கு. சர்க்கரை ஏறிப் போச்சு, ஏதாவது உடம்பை வளைக்கிற வேலை செய்யுங்கள் என்று தர்மபுரி டாக்டர் சொல்லி மூன்று வருஷம் ஆயிற்று. அதற்கும் நாளைக்குத்தான்.

இந்த நிலையில்தான் பத்து நாளுக்கு முன்னால், எங்கிருந்தோ, மாதவராஜ் சார் வந்து சேர்ந்தார்.

வந்தார் என்றால் ஆளாக வரவில்லை. ஆக்சிலியாவின் வாயில் வந்தார். சேலத்தில் மேட் தயாரிக்கிறாராம். ரொம்பத் தன்மையாகப் பேசுவாராம். லோகோவையும் தானே போட்டுத் தருகிறேன் என்றாராம். "உங்களுக்கு எதுக்குங்க சிரமம்? சார் எல்லாம் பாத்துக்கறேன்னு சொல்லிட்டாரு," என்று ஆக்சிலியா சொன்ன அன்றைக்கு ஃபிராங்க்ளினுக்குச் சுருக்கென்றது. இத்தனை வருஷமாக அவர் சொன்ன எதையும் ஆக்சிலியா சரி என்று கேட்டதில்லை. அந்த ஆள் சொன்னால் ஆறு எம்எம்மும் சரி, அறுபது எம்எம்மும் சரி!

பக்கத்துக் கடை ஜெராக்ஸ் விக்டரிடம் மனம் விட்டுச் சொன்னார். விக்டர் எந்தத் தீயையும் அணைத்துப் பழக்கம் இல்லாதவர்.

"நம்பரு எடுத்தியா?"

"எடுத்தேன். 'சேலம் மேட்'டுன்னு மட்டும் சேவ் பண்ணியிருக்கா."

"பேரு போடல?"

"போடல."

விக்டர் உச்சுக் கொட்டினார். "டிபில என்ன வெச்சிருக்கான்?"

"சூரியன் உதிக்குது."

"மூஞ்சி?"

"இல்ல. சூரியன் மட்டும்தான்."

"அழகா இருக்கறவன் மூஞ்சிய ஊருக்கெல்லாம் காட்ட மாட்டான் ஃபிராங்க்ளினு. பாத்து நடந்துக்க. வயசு என்ன இருக்குமாம்?"

"கேட்டேன். 'கொரல வெச்சு சொல்ல முடியலீங்க'ன்னா."

"அப்ப எளசான கொரலு," என்று விக்டர் தீர்ப்பு எழுதிவிட்டு ஜெராக்ஸ் எடுக்கப் போய்விட்டார்.

அதற்கு அப்புறம் ஃபிராங்க்ளினுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அன்று மதியமே கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். வெளியே ஒரு ஆள் குனிந்து உள்ளே பார்த்தார்.

"அண்ணா, எங்க பெரியப்பா தவறிட்டாருங்க. ஒரு அஞ்சலி பேனரு..."

"எப்ப எடுக்கறீங்க?"

"நாலு மணிக்குங்க."

"அப்ப டைம் இருக்குது. உக்காருங்க."

அந்தக் கடை வரலாற்றில் ஒரு சாவு முதல் முதலாகக் காத்திருந்தது.

மேட்டின் அளவு ஆறுக்கு இரண்டு அடி. ஆறுக்கு இரண்டு என்றால் ஃபிராங்க்ளினுக்குச் சொல்லியா கொடுக்க வேண்டும்? கண்ணை மூடிக்கொண்டு அடிக்கிற சைஸ். மேலே 'ஆக்சி யோகா மையம், கடத்தூர்'. நடுவில் தாமரை. தாமரைக்குள் உட்கார்ந்த ஒரு பெண். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் ஃபிளெக்ஸ் அடிக்கிறவன் கண்ணுக்குக் காலி இடம் என்றால் வீணாய்ப் போன இடம். கீழே ஒன்றரை அடி சும்மா கிடந்தது. சேலத்தில் இந்த மேட்டைச் சுருட்டுகிறபோது அந்த மாதவராஜ், ஒரு தடவை இல்லை, நாற்பது தடவை இவளுக்குப் புருஷன் ஒருத்தன் இருக்கிறான் என்று பார்க்க வேண்டும் என்று ஃபிராங்க்ளினுக்குத் தோன்றியது.

முட்டை வடிவ வளையத்துக்குள் தன் போட்டோவை வைத்தார். கை கூப்பிய போஸ். அடியில், 'உபயம்: கணவர் ச. ஃபிராங்க்ளின்'. அப்பவும் ஒரு சாண் மிச்சம் இருந்தது. செல் நம்பரைப் போட்டார்.

சாயங்காலம் ஆக்சிலியா டிசைனைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். உதட்டைக் கடித்துக்கொண்டு பார்த்தார்.

"சாரும் ஒரு டிசைன் போடறேன்னு..."

"சாரு போட்டத சாரு வூட்டு வாசல்ல விரிச்சுக்கச் சொல்லு. இதான் போவுது."

"சரிங்க. உங்க போட்டோ கீழ வரணுங்களா, மேல வரணுங்களா?"

"உபயம் எப்பவும் கீழதான் வரும். இதுகூடத் தெரியாதா?"

"கீழன்னா கால் வெக்கற பக்கம்."

"எந்தக் காலு? டிசைனுக்கு ஏது காலு? நான் இருவது வருசமா இதே தொழில் பண்றேன்."

"செல் நம்பரு இருக்கட்டுங்களா?"

"இருக்கட்டும். எடம் காலியா விடக் கூடாது."

"சரிங்க. பிரிண்ட் கறுப்பு ஒரே கலர்லதான் வருமாம். மேட்டு கத்தரிப்பூ கலரு."

இரண்டு 'சரிங்க' ஒரே நாளில் வந்தது. வேறு நாளாக இருந்தால் ஃபிராங்க்ளினுக்குச் சந்தேகம் வந்திருக்கும். பொறாமைக்காரனுக்குச் சந்தேகம் ஒரே திசையில்தான் போகும். அவருடையது சேலம் பக்கம் போய்க்கொண்டிருந்தது.

அடுத்த வாரம் ஆக்சிலியா இன்னொரு குண்டைப் போட்டார். மேட் ரெடியாம். மாதவராஜ் சாரே காரில் கொண்டுவந்து கொடுக்கிறேன் என்கிறாராம். அப்படியே ஹாலையும் பார்த்துவிட்டுப் போவாராம்.

"இந்தச் சட்டக் குப்பையெல்லாம் பாத்தா சாரு என்னங்க நெனப்பாரு?"

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்த ஃபிராங்க்ளின் வெள்ளைச் சட்டையைக் கூடக் கழற்றவில்லை. மேல் ஹாலில் இருந்த அத்தனை சட்டத்தையும் ஒற்றை ஆளாக இறக்கினார். ஆணி கையைக் கிழித்தது. பல்லைக் கடித்துக்கொண்டார். ஹாலைக் கழுவியும் விட்டார். "அவன் இங்க வரவே வேணாம். அரூர் பார்சல் ஆபீசுக்கு லாரியில போட்டு விடச் சொல்லு. நான் போய் எடுத்துக்கறேன்," என்றார்.

இரண்டு நாள் கழித்து அரூர் பார்சல் ஆபீசில் ரசீதைப் பார்த்தார். அனுப்புநர் என்ற இடத்தில் 'சுசித்ரா, சேலம்' என்று இருந்தது. அவருக்கு ரத்தம் கொதித்தது. கல்யாணம் ஆனவன்! வீட்டில் சுசித்ரா என்று ஒருத்தியை வைத்துக்கொண்டு என் மனைவியிடம் தன்மையாகப் பேசுகிறானா? முகம் தெரியாத அந்த சுசித்ராவுக்காகவும் சேர்த்து அவர் கொஞ்சம் பொறாமைப்பட்டார். நாற்பது மேட்டையும் மினி வேனில் ஏற்றிக் கடத்தூர் கொண்டுவந்து, மாடிப்படியில் தோள்மேல் சுமந்து ஏற்றினார். கட்டைப் பிரித்துப் பார்க்கக் கூடத் தெம்பில்லை.

"நாளைக்குப் புது மேட்டுல மொத வகுப்பு," என்றார் ஆக்சிலியா. "போட்டோ எடுக்க மாதவராஜ் சார் வந்தாலும் வருவாரு."

"நானும் வருவேன்."

"ஆம்பளைங்க சும்மா நின்னு வேடிக்க பாத்தா பொம்பளைங்களுக்குச் சங்கடமா இருக்குங்க. செய்யறதுன்னா வாங்க."

"செய்யறேன்," என்றார் ஃபிராங்க்ளின். மூன்று வருஷமாக டாக்டரால் வாங்க முடியாத வார்த்தை அது.

மறுநாள் காலை அவர் லுங்கியை மாற்றிக்கொண்டு படியேறுவதற்குக் கொஞ்சம் தாமதமாகிவிட்டது. அதற்குள் மேலே பெண்கள் ஆளுக்கொரு மேட்டை விரித்திருந்தார்கள். கத்தரிப்பூ நிறத்தில் மேட். அடியில் முட்டை வளையத்துக்குள் கறுப்பாக ஒரு முகம், கூப்பிய கை, கீழே பெயர். ஃபிராங்க்ளினுக்கு அந்த வளையம் வெறும் பழக்க தோஷம். வருஷம் பூராவும் அஞ்சலி பேனருக்குப் போட்டுப் போட்டுக் கை தானாகவே அதில் போய் நின்றிருந்தது.

 லூர்து மேரி நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். குள்ளம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

"ஐயோ, நேத்து மத்தியானம்கூட மூட்டை சொமந்துக்கிட்டுப் போனாரே... எப்பங்க ஆச்சு? ஆக்சியக்கா ஒரு வார்த்த சொல்லலியே!"

"யாருக்கு என்ன ஆச்சு?" என்று வாசலில் நின்று கேட்டார் ஃபிராங்க்ளின்.

குள்ளம்மாள் போட்ட கூச்சலில் விக்டர் ஜெராக்ஸ் கடையிலிருந்து மாடிக்கு ஓடி வந்தார்.

ஒரு வழியாக ஆள் உயிரோடுதான் இருக்கிறார் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். வகுப்பு ஆரம்பித்தது. "எல்லாரும் மேட்டு மேல ஏறி, கால ஒண்ணா சேத்து நில்லுங்க," என்றார் ஆக்சிலியா.

அப்போதுதான் ஃபிராங்க்ளினுக்கு 'கீழ' என்றால் என்ன என்று புரிந்தது.

முப்பத்தெட்டுப் பெண்களும் கீழே பார்த்தார்கள். அவர் முகம் மேலே பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தது. "அண்ணா, மன்னிச்சுக்கங்க," என்று குள்ளம்மாள் குனிந்து படத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு மூக்கு மேல் ஏறி நின்றார். மற்றவர்களும் வரிசையாகத் தொட்டுக் கும்பிட்டு ஏறினார்கள். லூர்து மேரி மட்டும் தொடாமலே ஏறினார். அவருக்கு ஒரு பழைய பேனர் விஷயத்தில் கோபம் இருந்தது. கடைசி வரிசையில் ஃபிராங்க்ளினும் வேறு வழியில்லாமல் தன் முகத்தின் மேல் தானே ஏறி நின்றார்.

அப்புறம் குனியச் சொன்னார்கள். நிமிரச் சொன்னார்கள். கழுத்தை மட்டும் அவர் வாசல் பக்கமே வைத்திருந்தார். யாரும் வரவில்லை.

மறுநாளும் வரவில்லை. "வரேன்னாரு, ஏதோ வேலை போல," என்றார் ஆக்சிலியா. ஆகவே மறுநாளும், அதற்கு மறுநாளும், ஒரு மாதம் பூராவும் ஃபிராங்க்ளின் ஆறு மணிக்கு மாடியேறிக் காவல் காத்தார். காவல் காத்த நேரத்தில் காலை நீட்டிப் பெருவிரலைத் தொடவும் வந்துவிட்டது. சர்க்கரை இறங்கியது. பொறாமை இறங்கவில்லை.

மாதம் முடிகிற சமயத்தில் ஒரு நாள் மாரியப்பன் கடைக்கு வந்தார். மேனகாவின் கணவர். மேனகா வகுப்பில் இரண்டாவது வரிசை. மாரியப்பன் கையில் சுருட்டிய கத்தரிப்பூ நிற மேட். அதைக் கல்லா மேல் ஓங்கிப் போட்டார்.

"ஏனுங்க, நீங்க பெரிய மனுசந்தானா?"

"என்ன மாரியப்பா?"

"கடலைக்காய் காய வெக்கலாம்னு என் பொண்டாட்டி இத வூட்டுக்குக் கொண்டாந்தா. விரிச்சுப் பாக்கறேன், கையக் கும்பிட்டுக்கிட்டு நீங்க சிரிக்கறீங்க! இதுமேலதான் அவ தெனம் படுத்து எந்திரிக்கறாளா? போட்டோதான் போட்டீங்க, செல் நம்பரு எதுக்குங்க?"

"காலி எடம் இருந்துது..."

"காலி எடம் இருந்தா? எங்க வூட்ல ஒண்ணும் காலி எடம் இல்லீங்க! இன்னொருக்கா இந்த மூஞ்சி என் வூட்டுப் படி ஏறுச்சு, நல்லா இருக்காது."

மாரியப்பன் போய்விட்டார். ஃபிராங்க்ளினுக்கு அவமானத்தில் காது எரிந்தது. அந்த ஆள் பேசின ஒவ்வொரு வார்த்தையும் தான் மாதவராஜிடம் பேசுவதற்கென்று மனசுக்குள் எழுதி வைத்திருந்த வார்த்தை. அன்று சாயங்காலம் அவரால் பொறுக்க முடியவில்லை. அடுக்களையில் ஆக்சிலியா அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"எங்க உன் மாதவராஜ்? ஒரு மாசமாச்சு. வர்றானா இல்லியா? எனக்கு இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு தெரியணும்."

"வர மாட்டாருங்க."

"ஏன்?"

"அப்பிடி ஆளே இல்லீங்க."

ஃபிராங்க்ளின் பழக்கத்தில் வாசலைத் திரும்பிப் பார்த்தார்.

"மேட் அடிக்கறது சுசித்ரா அக்கா. என்கூட யோகா படிச்சவங்க," என்றார் ஆக்சிலியா, அவரைக்காயிலிருந்து கண்ணை எடுக்காமல். "எட்டு மாசமா ஒரு லோகோ கேட்டேன். நாளைக்குன்னீங்க. சட்டத்த எடுக்கச் சொன்னேன், நாளைக்குன்னீங்க. உடம்பப் பாருங்கன்னு அழுதேன், அதுக்கும் நாளைக்கு. நான் கேட்டாத்தான நாளைக்கு? இன்னொருத்தன் செய்யறேன்னு சொன்னா நீங்க இன்னைக்கே செய்வீங்களோன்னு ஒரு நாள் தோணுச்சு. ஒரு பேரு வெச்சுப் பாத்தேன்."

"என் போட்டோவ காலுக்கடியில போட்டதும்..."

"நாந்தான் கேட்டனுங்களே, கால் பக்கமான்னு? மொத நாளே எடுத்துடச் சொல்லலாம்னுதான் இருந்தேன். அப்பறம் யோசிச்சேன். ஃபிளெக்ஸ் எல்லாம் கடலைக்காய் காய வெக்கப் போயிருச்சு. உங்க மூஞ்சி இருந்தா எந்தப் புருசன் வூட்டுக்குள்ள விடுவான்? நாப்பதுல ஒண்ணு போச்சு, அதும் இன்னைக்குத் திரும்பி வந்துருச்சு."

ஃபிராங்க்ளினுக்குக் கோபப்பட வேண்டும் போல இருந்தது. ஆனால் அதை விடப் பெரிதாக ஒரு நிம்மதி வந்து உட்கார்ந்துகொண்டது. மாதவராஜ் இல்லை. அந்தச் சூரியன் சுசித்ராவுடையது. பத்துக் கிலோ இறங்கின மாதிரி இருந்தது. உண்மையில் நாலு கிலோதான் இறங்கியிருந்தது.

"பதினெட்டு வருசத்துல எங்கிட்ட பொய்யே சொன்னதில்லையே ஆக்சி. மனசு உறுத்தலையா?"

"உறுத்துச்சு. ஃபாதர்கிட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டேன். மூணு அருள்நிறை மரியே செபம் சொல்லச் சொன்னாரு."

"சொன்னியா?"

"ஆறா சொல்லிட்டேன். அடுத்ததுக்கும் சேத்து."

"அடுத்தது என்னது?"

"மையத்துக்கு டீ-ஷர்ட் அடிக்கலாம்னு இருக்கேங்க," என்று அவரைக்காயைச் சட்டியில் போட்டார் ஆக்சிலியா. "உங்களுக்கு எதுக்கு சிரமம்? திருப்பூர்ல சிவக்குமார்னு ஒரு சாரு. ரொம்பத் தன்மையானவரு. டிசைனெல்லாம் அவரே..."

சிவக்குமார் என்று ஒருவன் இல்லவே இல்லை என்பது ஃபிராங்க்ளினுக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் அடுக்களை வாசலைத் தாண்டிக் கடைக்குப் போய்க்கொண்டிருந்தவர் திரும்பி நின்று கேட்டார்:

"காலர் வெச்சதா, வெக்காததா?"